இரசவாதம்: பொன்னைத் தேடிய கலை

பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இம்மலைத் தோட்டங்களில் உழைக்க வந்த தமிழர்கள் தங்கள் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். பிரிஞ்சாங் நகரிலுள்ள தண்டாயுதபாணி ஆலயம் அதற்குச் சான்றாகும். ‘தண்டாயுதபாணி’ என்பது தமிழ்நாட்டின் பழனி மலையில் தண்டேந்தி நிற்கும் முருகனின் திருப்பெயர். அங்குள்ள மூலவர் சிலையைப் போகர் என்னும் சித்தர் நவபாஷாணம் எனப்படும் ஒன்பது நச்சுப் பொருள்களைச் சேர்த்துக் கட்டி உருவாக்கினார் என்பது மரபுவழி நம்பிக்கை. நஞ்சை மருந்தாகவும் மலிவான உலோகத்தைப் பொன்னாகவும் மாற்ற முயன்ற இத்தகைய கலையையே தமிழர் இரசவாதம் என்றனர்.

‘இரசம்’ என்பது இங்குப் பாதரசத்தைக் குறிக்கும். பாதரசம் வெள்ளியைப்போல் பளபளக்கும், நீரைப்போல் ஓடும், சூடேற்றினால் ஆவியாக மறையும். இந்த வியத்தகு தன்மைகள் பல நாட்டு அறிஞர்களையும் கவர்ந்தன. எகிப்து, சீனா, இந்தியா, அரபு நாடுகள், ஐரோப்பா எனப் பல இடங்களில் இரசவாதம் வளர்ந்தது. அரபு மொழியில் இக்கலை ‘அல்கீமியா’ எனப்பட்டது. இன்று மலாய்மொழியில் வேதியியலைக் குறிக்கும் ‘கிமியா’ என்னும் சொல்லும் அந்த அரபுச் சொல்லின் வழிவந்ததே.

பொன் செய்யலாம் என்று அக்கால மக்கள் நம்பியதற்குக் காரணம் உண்டு. உலோகங்கள் மண்ணுக்குள் மெல்ல மெல்ல முதிர்கின்றன என்று பலர் கருதினர். ஈயமும் செம்பும் முதிராத காய்கள். பொன்னோ நன்கு பழுத்த கனி. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள், உலோகங்கள் யாவும் பாதரசமும் கந்தகமும் வெவ்வேறு அளவில் சேர்ந்து பிறந்தவை என்று கூறின. அளவைச் சரிசெய்தால் எந்த உலோகத்தையும் பொன்னாக்கிவிடலாம் அல்லவா? இதுவே அவர்களது எண்ணம்.

இரசவாதிகள் தம் கருத்துகளை வெளிப்படையாக எழுதவில்லை. குறியீடுகளில் மறைத்து எழுதினர். இந்திய மரபில் பாதரசம் சிவனின் கூறாகவும் கந்தகம் சக்தியின் கூறாகவும் போற்றப்பட்டன. ஐரோப்பிய நூல்களிலோ சூரியன் அரசனாகவும் சந்திரன் அரசியாகவும் வரையப்பட்டு, இருவரின் திருமணமாக அச்சேர்க்கை காட்டப்பட்டது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு, தொடக்கமும் முடிவும் ஒன்றே என்பதை உணர்த்தியது. ஒவ்வோர் உலோகத்திற்கும் ஒரு கோளின் குறி வழங்கப்பட்டது. இரும்புக்குச் செவ்வாயின் குறியும் செம்புக்கு வெள்ளியின் குறியும் உரியவை. அவ்விரு குறிகளே இன்று உயிரியல் பாடநூலில் ஆண், பெண் குறிகளாக விளங்குகின்றன.

தமிழ்ச் சித்தர்கள் தம் பாடல்களில் ‘பரிபாஷை’ என்னும் மறைமொழியைக் கையாண்டனர். அதில் ஒரு சொல் ஒரு மூலிகையையோ உப்பையோ உலோகத்தையோ குறிக்கலாம். சில வேளைகளில் மனித உடலையே குறிக்கலாம். குருவிடம் பயிலாதவருக்கு அதன் உட்பொருள் விளங்காது. திருமந்திரத்தில் செம்பு பொன்னாவது, உயிர் இறையருளால் தூய்மை பெறுவதற்கு உவமையாக வருகிறது. எனவே, இரசவாதிகள் தேடிய பொன் உலோகம் மட்டுமன்று. நோயற்ற உடலும் மாசற்ற மனமும் அத்தேடலில் அடங்கும்.

நிறமும் ஒரு குறியீடே. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கரிய தூள் கிடைக்கும். அதை முறைப்படி சூடாக்கினால் சிவந்த படிகமாக மாறும். நிறம் மாறினால் பொருளின் இயல்பே மாறிவிட்டது என்று இரசவாதிகள் எண்ணினர். இவ்வெண்ணம் சில வேளைகளில் உண்மையாகும். தேயிலை ஆலையில் வாட்டி உருட்டப்பட்ட பச்சைக் கொழுந்து, காற்றிலுள்ள உயிர்வளியுடன் வினைபுரிந்து செம்பு நிறம் அடைகிறது. உலர்த்திய பின் கறுத்துவிடுகிறது. நிறத்தோடு மணமும் சுவையும் மாறுவதால், அங்குப் புதிய பொருள்கள் உருவாகியிருப்பது உறுதி.

ஆனால், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் நேரலாம். செம்புடன் துத்தநாகம் கலந்தால் பித்தளை கிடைக்கும். அது பொன்னைப்போல் மின்னினாலும் பொன்னாகாது. ஒரு கன சென்டிமீட்டர் பொன்னின் எடை 19.3 கிராம், அதே அளவு பித்தளையின் எடை ஏறக்குறைய 8.5 கிராம்தான். எடை போட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். அப்படிச் சோதிக்காமல், மறைமொழி பேசியவர்களை நம்பிக் கைப்பொருளை இழந்தோர் பலர்.

மறைத்து வைத்ததால் அறிவின் வளர்ச்சியும் தடைப்பட்டது. 1669ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் வழியைத் தேடிச் சிறுநீரைக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. அரிய கண்டுபிடிப்பாக இருந்தும், அவர் செய்முறையை வெளியிடாமல் மறைத்து, பின்னர்ப் பணத்துக்கு விற்றார். இதற்கு மாறாக, 1789ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லவாய்சியர், மேலும் பகுக்க முடியாத 33 பொருள்களின் பட்டியலை நூலாக வெளியிட்டார். அதில் பொன், பாதரசம், கந்தகம் ஆகியவை தனித்தனியே இடம்பெற்றன. பட்டியல் அனைவரின் பார்வைக்கும் கிடைத்ததால், பிறர் அதைச் சோதித்துப் பிழைகளைத் திருத்த முடிந்தது. வேதியியலும் விரைந்து வளர்ந்தது.

பாதரச அணுவில் 80 புரோட்டான்களும் பொன் அணுவில் 79 புரோட்டான்களும் உள்ளன. 1941ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் பாதரசத்தை நியூட்ரான்களால் தாக்கிப் பொன் அணுக்களை உருவாக்கினர். ஆனால், அவை கதிரியக்கம் கொண்டவை. நகை செய்ய உதவாதவை. பழைய கனவு நனவானபோதும் அதனால் யாரும் செல்வந்தராகவில்லை.

இரசவாதிகள் காய்ச்சி வடித்தும் வடிகட்டியும் பழகிய முறைகள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகின்றன. அவர்களின் உழைப்பைப் போற்றலாம். செய்முறைகளைத் தாமாகச் செய்து பார்ப்பது பேராபத்து. பாதரச ஆவி நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சாகும். “எப்பொருள்?” என்று வியப்பதோடு நில்லாமல், “எப்படித் தெரியும்?” என்று வினவி, கண்டறிந்ததைப் பிறர் சோதிக்குமாறு வெளிப்படுத்துவதே அறிவியல். இரசவாதிகள் தேடிய பொன்னைவிட நிலைத்த செல்வம் அதுவே.