இளையது பிறந்த வீட்டில் மூவரின் பாத்தியதை

பொழுது விடியுமுன்னரே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு புறப்பட்டு, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி முதலிய கேரளத்து மலைச்சரிவுகளிலுள்ள ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் குனிந்து காயெடுத்து, இருட்டுகிற வேளைக்கு வீடு திரும்பும் பெண்களின் உழைப்பினாலேயே அவ்வூரின் ஏலக்காய் வியாபாரம் நிலைபெற்றிருக்கிறது என்பதை யாவரும் அறிவர். அத்தகைய பெண்ணொருத்தி, மூத்த குழந்தை தத்தித் தத்தி நடக்கும் பருவத்திலேயே இரண்டாவதையும் பெற்றெடுத்தால், அவ்வீட்டில் பராமரிப்புக்கு உரியவர் யார் யார் என்று கேட்கும்போது, தாயையும் சிசுவையும் சொல்லி நிறுத்திக்கொள்வோரே அதிகம். உண்மையில் அங்கே இருப்பவர் மூவர். தாய்ப்பாலும் மடியும் ஒருங்கே பறிபோன மூத்ததும் அவர்களில் சேரும். மூவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் அதைக் கேட்டு வாங்குவதற்கு வேண்டிய ஆதாரத்தைச் சேர்த்து வைத்திராத குடும்பத்துக்கு அவ்விடம் கிட்டுவது அரிது.

தாய்க்குரிய விடுப்பும் ஊதியமும்

1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்துவதாக இருந்தது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதங்களில் ஒரு முதலாளியிடம் 80 நாட்களேனும் வேலை செய்த பெண்ணுக்கு, 2017 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், 26 வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. உயிருடனிருக்கும் குழந்தைகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களாயின் அது 12 வாரமாகக் குறையும். எனவே இரண்டாவது பிரசவத்துக்கு முழு 26 வாரமும் பாத்தியதையே. பிரசவித்த ஆறு வாரங்களுக்குள் அவளை வேலைக்கு வைப்பது முதலாளிக்கும், வேலைக்குப் போவது அவளுக்கும் விலக்கப்பட்டிருக்கிறது. திரும்பி வந்த பின்னரும், குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை பாலூட்டுவதற்கென்று நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை தரவேண்டும். அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்வுரிமைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவை மத்திய அரசின் சட்டங்களாகையால், வீடு தமிழ்நாட்டிலும் தோட்டம் கேரளத்திலும் இருப்பது பற்றி உரிமை குன்றிவிடாது.

நாட்கூலிக்கு ஏது விடுப்பு என்று கங்காணி கேட்டால், அதற்கு விடை உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், 2000 ஆம் ஆண்டில், நிரந்தர ஊழியர்களைப்போலவே அவர்களும் இப்பயனுக்கு உரியவர்கள் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன்னரே, ஆனைமலைத் தொடரிலுள்ள மௌண்ட் ஸ்டூவர்ட் தோட்டத்துத் தொழிலாளிப் பெண்ணொருத்தியின் வழக்கு, கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து டில்லிவரை சென்றது. அந்நாளில் விடுப்பு 12 வாரம்; நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகள் கூலியில்லாத நாட்கள் என்று சொல்லி அவற்றைக் கழித்து 72 நாட்களுக்கே பணம் கொடுத்தது; வாரமென்றால் ஏழு நாள், ஆகவே 84 நாட்களுக்கும் வேண்டும் என்றாள் அவள். 1977 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவள் கணக்கே சரியென்றது. இன்றைய 26 வாரத்துக்கு அக்கணக்கைப் பொருத்தினால் 182 நாட்கள் வரும். ஞாயிற்றைக் கழித்தால் 156 தான். கையில் பணம் வாங்குகிறபோதே இவ்வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

சங்கடமெல்லாம் அந்த 80 நாளை நிரூபிப்பதில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று என்று ஜீப் போகிற திசையில் போகும் பெண்ணின் பெயர் எந்தப் பேரேட்டிலும் தொடர்ந்து இராது. ஆதலால் கர்ப்பமென்று தெரிந்த நாள்முதல் கூடியமட்டும் ஒரே தோட்டத்தில் வேலை பார்ப்பதும், தேதி, தோட்டத்தின் பெயர், வாங்கிய கூலி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, சம்பளச் சீட்டு இருந்தால் அதனோடு பத்திரப்படுத்துவதும், விடுப்பு வேண்டுமென்று எழுத்து மூலம் அறிவித்து நகலொன்றை வைத்துக்கொள்வதும் அவசியம். சொந்தக்காரர் சில ஏக்கரில் பயிர் செய்யும் சிறு தோட்டங்கள் இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவளுக்கும் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு முதலிரண்டு பிரசவங்களுக்கு, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் பெறுமானமுள்ள உதவி இதில் உண்டு. கர்ப்பமான 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுதல் இதற்கு முதற்படி.

மூத்ததுக்கு நேரும் அபாயம்

அடுத்தது உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்டு, வற்றி மெலிந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் பிள்ளையைப் பார்த்துச் சவலை பாய்ந்துவிட்டது என்பர் நம் வீட்டுக் கிழவிகள். இது நமக்கு மட்டும் நேர்ந்த தீவினையன்று. அந்நாளில் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இளையது பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து மக்காச்சோளக் கஞ்சியையே நம்பி வாழ்ந்த குழந்தைகள், கால் வீங்கித் தோலுரிந்து மடிவதைக் கண்டு 1933 ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். நம் பக்கத்தில் கஞ்சியின் இடத்தில் ரொட்டியும் கடுங்காப்பியும் இருக்கக்கூடும், விளைவு வேறாகாது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துணவு இலவசமாகப் பெறும் உரிமை இருக்கையில், சத்துமாவையும் முட்டையையும் கேட்டு வாங்காமலிருப்பது பிள்ளையின் பங்கை நாமே விட்டுக்கொடுப்பதாகும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய ஊக்கத் தடுப்பூசிகளும், சிசுவின் ஊசிக் கணக்கைப் பார்க்கிற பரபரப்பில் மறந்துபோவதுண்டு. இருவர் அட்டையையும் சேர்த்தே எடுத்துச் செல்லவேண்டும்.

இன்னொரு அபாயம் பாசத்தினாலேயே விளைவது. தூளியில் கிடக்கும் தம்பிப் பாப்பாவுக்குத் தான் தின்னும் நிலக்கடலையை ஊட்டப் போகும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் பொறாமையுமில்லை, வஞ்சகமுமில்லை. ஆனால் அந்தக் கடலை சிசுவின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். அதே பிள்ளை தூளியைப் பற்றித் தொங்கினால் முடிச்சு அவிழலாம், துணி முகத்தை மூடலாம். ஆகவே இருவரையும் தனியே விட்டுத் தாய் குழாயடிக்குப் போவதும், வேறொரு ஏழு வயதுச் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பாமல் காவல் வைப்பதும் தகாது. இவற்றுக்கு மேல், ஏலச் செடியின் பேனையும் தண்டுத் துளைப்பானையும் அழிக்கத் தெளிக்கும் மருந்து வேலையுடுப்போடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உடுப்பை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்கவேண்டும். மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதோ பெருங்கேடு. தவறிக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்கச் செய்யாமல், மருந்துப் புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு 108 வண்டியில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

பரிகாரம்

பிள்ளைகளை எங்கே விடுவதென்ற கேள்விக்கு, 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலும், பெண் தொழிலாளரின் குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்திலும் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டுமென்று 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விடை சொல்லிற்று. 50 பேர் வேலை செய்யுமிடத்தில் காப்பகமும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதியும் வேண்டுமென்பது இக்காலச் சட்டமும் ஏற்றுக்கொண்ட விஷயம். ஒருத்தி கேட்டால் நாளை முதல் வரவேண்டாமென்று சொல்லிவிடுவர். ஒரே ஜீப்பில் போகும் பெண்கள் அனைவரும் கையெழுத்திட்டுக் கேட்டால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

பணம் தர மறுத்தால், தோட்டம் இருக்கிற மாநிலத்தின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். விடுப்பிலிருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் வழக்கமான நஷ்டம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்ணென்ற ஒன்றினாலேயே, வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவியை அவளுக்கு அளிக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். பிறப்பை 21 நாட்களுக்குள், பிரசவம் நடந்த இடத்தில், பதிவு செய்துவிடவும் வேண்டும். பெயர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சீமந்தத்துக்கு ஐந்து வகைச் சோறு கட்டுவதில் நம் குடும்பங்கள் குறை வைப்பதில்லை. இரண்டாவதுக்குக் காத்திருக்கையில் அதே அக்கறையோடு கணவனும் மாமியாரும் உட்கார்ந்து, வேலை நாள் எத்தனை ஆயிற்று, அங்கன்வாடியில் மூத்ததின் பெயர் இருக்கிறதா, பேறுகாலத்தில் அதைப் பகலில் யார் பார்ப்பது என்ற மூன்றுக்கும் விடை காண்பார்களாயின், மூவரின் பாத்தியதையும் பெருமளவு காக்கப்பட்டுவிடும்.