அப்பத்தாவின் கரிப்பானை

எங்கள் கொல்லையில் மூன்று கல் அடுப்புக்குப் பக்கத்தில் வாய் உடைந்த மண்பானை ஒன்று எப்போதும் இருக்கும். சோறு வடித்து இறக்கியதும் அப்பத்தா எரிகிற கருவக்கட்டைகளை வெளியே இழுத்து, நுனியில் கனன்ற கங்கைத் தரையில் தட்டி உதிர்ப்பாள். ஒரு கை தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று சாம்பல் எழும்பும். ஆறியதைப் பொறுக்கிப் பானையில் போடுவாள். குமுட்டி அடுப்பில் பால் காய்ந்ததும் அப்பாவின் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் அந்தக் கரியில்தான். பல் துலக்கவும் அதுவே. அதற்காக அவள் விழுங்கிய புகைக்குக் கணக்கில்லை.

பிறகு அரசின் 'புகையில்லா அடுப்பு' வந்தது. 1980களில் நாடெங்கும் பரப்பினார்கள். எங்கள் வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, கடைசியில் கோழி முட்டையிட உதவியது. 2006 தேர்தலுக்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வந்தபோது கரிப்பானையையே மறந்துவிட்டோம்.

சிலிண்டர் விலை ஏறியதில் மதினி இப்போது வெந்நீருக்கும் கறிக்குழம்புக்கும் கொல்லைக்கே திரும்பியிருக்கிறாள். ஆனால் அடுப்பு வேறு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தகர டப்பா. உள்டப்பாவின் அடியில் துளைகள், விளிம்புக்குக் கீழே இன்னொரு வரிசைத் துளைகள். விரல் கனத்தில் நறுக்கிய காய்ந்த குச்சிகளை முக்கால் அளவு நிரப்பி, உச்சியில் தேங்காய் நாரும் சூடமும் வைத்துக் கொளுத்துகிறாள். உச்சந்தலையில் தீ வைக்கும் அடுப்பைக் கண்டால் அப்பத்தா சிரித்திருப்பாள்.

தீ மெல்லக் கீழே இறங்குகிறது. அதன் சூட்டில் குச்சிகளிலிருந்து கிளம்பும் புகை, மேல்துளைக் காற்றைச் சந்தித்துச் சுவாலையாக எரிகிறது. அடியிலிருந்து வரும் காற்றை இறங்கும் தீயே தின்றுவிடுவதால், அதற்கு மேலே உருவான கரி எரியாமல் தங்கிவிடுகிறது. ஐந்து கிலோ விறகுக்குச் சுமார் ஒரு கிலோ கரி. 1985இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் இந்த வழியைக் கண்டார். நார்வேக்காரர் பால் வெண்டெல்போ உகாண்டாவில் தனியாகவே இதே வழிக்கு வந்து சேர்ந்தார்.

பழைய அடுப்பில் கண்ணைக் கரித்ததும் கையைச் சுட்டதும் சமைக்கும்போதுதான். இந்த அடுப்பில் சமைக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. சமதரையில் வைத்து, நைலான் சேலையைத் தவிர்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும். நடுவில் விறகு போடக்கூடாது. பாதியில் சுவாலை அணைந்து வெள்ளைப் புகை பீறிட்டால், அது எரியாத வாயு; முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் நீளக் குச்சியில் தீ வைத்து நீட்ட வேண்டும்.

சுவாலை நின்றபிறகுதான் கவனம் வேண்டும். மஞ்சள் தீ போய், கரிமேல் நீலத் தீ மட்டும் நெளியும். எரிவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. கொடைக்கானல் குளிரில் கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாதவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அடுப்பு கொல்லையிலேயே இருக்க வேண்டும். ஆறாத கரியும் வீட்டுக்குள் வரக்கூடாது. தகரத்துக்குள்ளேயே தண்ணீரைக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும்.

இதெல்லாம் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. முதல் முறை கரியைத் தரையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, கறுத்துவிட்டதே என்று சாக்கில் கட்டி மாட்டுக்கொட்டகை ஓரம் சாய்த்தேன். நள்ளிரவில் கன்று கத்தியது. சாக்கில் பாதி காணோம். உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. மேலே கறுத்த கரியின் வயிற்றில் கங்கு லேசில் சாவதில்லை.

மதினி இப்போது நீளக் கைப்பிடி இடுக்கியால் டப்பாவைக் கவிழ்த்து, கரியை மூடியோடு கூடிய இரும்பு டப்பாவுக்குள் தள்ளுகிறாள். மூடி, விளிம்பில் ஈரமண் பூசி, வைக்கோலுக்கு எட்டத்தில் வெறுந்தரையில் இரவு முழுக்க விட்டுவிடுகிறாள். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும். காலையில் மூடியை எடுத்ததும் புறங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை விடுகிறாள்.

அப்பத்தாவும் பானைக்குள் அப்படித்தான் கை விடுவாள். மதினி அவளைப் பார்த்ததே இல்லை.