பிடிப்பும் பிடித்துவிடுதலும்: தொக்கண வினைச்சொற்களும் உற்றவர் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கையால் பிடித்தும் நீவியும் அழுத்தியும் உடலுக்கு நலம் தரும் முறையைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்கிறது. இன்றைய வழக்கு மசாஜ் என்கிறது. இதன் அடிப்படை நுட்பங்கள், தவிர்க்க வேண்டிய நிலைகள், சிகிச்சை பெறுபவரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றை அவற்றுக்குரிய தமிழ் வினைச்சொற்களின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. தன்வினை, பிறவினை இணைகளும் ‘கொள்’, ‘விடு’ என்னும் துணைவினைகளும் இச்சிகிச்சையின் அளவைப் புலப்படுத்துகின்றன. அதே வேளையில், ‘பிடிப்பு’ என்னும் ஒரு சொல் பல நோய்நிலைகளை மூடிமறைப்பதால் உயிர்க்கேடு நேரவும் கூடும்.

திறவுச்சொற்கள்: தொக்கணம், வர்மம், தன்வினை, பிறவினை, துணைவினை, மாத்திரை, உற்றவர்

முன்னுரை

‘கழுத்துப் பிடித்துக்கொண்டது’ என்கிறார் ஒருவர். ‘கொஞ்சம் பிடித்துவிடு’ என்று அடுத்த மூச்சில் அவரே கேட்கிறார். நோய்க்கும் பிடி என்பதே வினை. அதைத் தீர்ப்பதற்கும் பிடி என்பதே வினை. இரண்டையும் பிரித்துக்காட்டுவது துணைவினை ஒன்றுதான். ‘கொள்’ வினையைச் செய்பவரிடமே திருப்புகிறது. இறுகிய தசை தன்னைத் தானே பற்றிக்கொள்கிறது. ‘விடு’ வினையைப் பிறருக்குரியதாக்குகிறது. ‘வந்துவிட்டான்’ என்பதில் முற்றுப்பொருள் தரும் அதே ‘விடு’, ஊட்டிவிடு, தலைவாரிவிடு, எண்ணெய் தேய்த்துவிடு என்னும் தொடர்களில் மற்றொருவர் உடலுக்குச் செய்யும் பணிவிடையைச் சுட்டுகிறது. ‘தேய்த்துக்கொண்டாள்’, ‘தேய்த்துவிட்டாள்’ என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

மசாஜ் பயிற்சிக்கென ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கையேடு ஒன்றைக் காண நேர்ந்தது. நீவுதல், பிசைதல், ஆழமாக அழுத்துதல் ஆகிய மூன்றும் அதில் ‘அழுத்தம் கொடுத்தல்’ என்றே பெயர்க்கப்பட்டிருந்தன. இது மொழிநடைக் குறை மட்டுமன்று. வீங்கிய காலை நீவலாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அழுத்தம் கொடுக்கலாம்’ என்று எழுதினால், படித்துவிட்டுச் செயற்படும் கை என்ன செய்யும்? இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து எழுந்தது.

ஒன்பது தொக்கணம்

சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது முதலியவற்றோடு தொக்கணமும் புறமருந்துகளுள் ஒன்று. ஐம்பொறிகளைச் சொல்லுமிடத்துச் சைவ சித்தாந்த நூல்கள் தோலைத் ‘தொக்கு’ என்று குறிப்பதை நோக்க, தொக்கணம் என்னும் சொல்லை அதனோடு தொடர்புபடுத்த இடமுண்டு. தொக்கணம் ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். வளி மிகுதியால் வரும் நோவுகளுக்கு இது உரியதாகச் சொல்லப்படுகிறது.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று, மல்லாத்தல். இது கையின் நுட்பமன்று. உற்றவரை முதுகு கீழாகக் கிடத்துதல். அதையும் சிகிச்சையின் வகையாகவே எண்ணியிருப்பது பொருளுடையது. மல்லாந்து கிடப்பவரின் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணியோ தலையணையோ வைத்தால்தான் இடுப்பு தளரும்; கிடை சரியில்லாத உடலில் எந்த நுட்பமும் பயன் தராது. மற்றொன்று, நீவுதல் இவ்வொன்பதில் தனித்து எண்ணப்படவில்லை. இழுத்தல் அதனையும் அடக்கும் என்று கொள்வாரும் உண்டு. ஆயின் இழுத்தல் மூட்டை அதன் நெடுக்கில் இழுப்பது. நீவுதல் தோலின் மேல் உள்ளங்கை படிந்து நழுவிச் செல்வது. இரண்டும் வேறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நூல் எண்ணாது விட்டதைப் பேச்சு வழக்கு நீவு, உருவு, வருடு, தடவு எனப் பல சொற்களால் காத்து வைத்திருக்கிறது.

ஐரோப்பிய மரபும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘சுவீடிஷ் மசாஜ்’ என வழங்குவதன் நுட்பங்களுக்கு பிரெஞ்சுப் பெயர்கள் அமைந்திருப்பது பலருக்கும் வியப்பளிக்கும். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் நிறுவிய பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) என்பவரோடு அப்பெயர்களை இணைப்பது வழக்கமெனினும், அவற்றை நிலைப்படுத்தியவராகக் கருதப்படுபவர் டச்சு மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் (1838–1909). எஃப்ளராஜ் என்பது மேலோட்டமாகத் தொட்டுச் செல்லுதல்; தமிழில் நீவுதல். பெட்ரிசாஜ் என்பதன் அடிச்சொல் மாவு பிசைவதைக் குறிக்கும். தமிழும் மாவுக்கும் தசைக்கும் பிசை என்னும் ஒரே வினையை ஆள்கிறது. டப்போட்மான் தட்டல்; ஃபிரிக்ஷன் தேய்த்தல், சிறு பரப்பில் விரல்நுனியால் செய்தால் நெருடல்; வைப்ரேஷன் அதிர்த்தல். தலைக்கு இடும் ஷாம்பூவின் பெயர்கூட, அமுக்குதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதே. இங்கிலாந்தின் பிரைட்டனில் குளியலகம் நடத்திய சேக் டீன் மஹோமத் 1822இல் வெளியிட்ட நூலில் அச்சொல் மசாஜ் என்னும் பொருளிலேயே வருகிறது.

அழுத்தலும் அழுந்தலும்

தமிழின் தொடுவினைகள் பல இணை இணையாக நிற்கின்றன. அழுந்து–அழுத்து, அமுங்கு–அமுக்கு, இறுகு–இறுக்கு, முறுகு–முறுக்கு, மல்லா–மல்லாத்து, அசை (அசைந்தது)–அசை (அசைத்தது). முன்னது தன்வினை, பின்னது பிறவினை. திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு என்று இலக்கண வகுப்பில் நாம் படித்த அதே அமைப்பு.

சிகிச்சையில் பிறவினை செய்பவருடையது, தன்வினை தசையுடையது. கை அழுத்துகிறது, தசை அழுந்துகிறது. அழுத்தியும் தசை அழுந்தவில்லை எனில், உடல் தன்னைக் காத்துக்கொள்ள இறுகி எதிர்க்கிறது என்பது பொருள். அந்நிலையில் இன்னும் வலுவாக அழுத்துவது பிழை. கையின் வலுவைக் குறைத்து, உற்றவரின் மூச்சு வெளிப்படும் வரை காத்திருந்து, தசை இளகிய பின்னர் மெல்ல ஆழம் செல்ல வேண்டும். நல்ல பயிற்றுநர் எவரும் முதலில் கற்பிக்கும் விதி இதுவே. ‘அழுத்தம் கொடுத்தல்’ என்னும் பெயர்ச்சொல் தொடரில் அழுந்துதலுக்கு இடமில்லை. பெறுபவர் அங்கிருந்து மறைந்துவிடுகிறார்.

செய்முறையின் வரிசையும் இவ்விதியைப் பின்பற்றுவதே. இளஞ்சூடான எண்ணெயைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுச் சூடு பார்த்தபின் உள்ளங்கையில் ஏந்தி, முதலில் நீவுதல். கை கால்களில் நுனியிலிருந்து நெஞ்சை நோக்கி நீவுதல் வேண்டும், ஏனெனில் சிரைகளின் தடுக்கிதழ்கள் இதயத்தை நோக்கியே திறக்கும். பின்னர்ப் பிசைதல். இறுகிய முடிச்சுகள் தென்பட்டால் நெருடல். இறுதியில் மீண்டும் நீவுதல். செய்பவர் தம் கட்டைவிரலின் வலிமையை நம்பாமல் உடலின் எடையைச் சாய்த்துச் செய்யவேண்டும். இல்லையேல் சில ஆண்டுகளில் அவரே உற்றவராகிவிடுவார்.

மாத்திரை என்னும் அளவு

எவ்வளவு அழுத்துவது என்பதற்குத் தமிழ் மரபு ஓர் அளவுச்சொல்லைத் தருகிறது. வர்ம மருத்துவம் விரலின் விசையைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என அளக்கிறது. எழுத்தின் ஒலிப்புக் காலத்துக்குத் தொல்காப்பியம் வழங்கும் அளவும் மாத்திரையே; கண் இமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் அதன் எல்லை. குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று படித்தவர்க்கு, விரலின் விசையைக் கால் அளவாகக் குறைத்தல் என்பது விளங்காத செய்தியன்று.

வர்மங்கள் 108; அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் கேடு விளைக்கும் அதே இடம் அளவறிந்த தொடுதலால் நலம் தரும் என்பது அம்மரபின் கொள்கை. அளவுச்சொல் இத்துணை நுணுக்கமாக அமைந்திருப்பதற்குக் காரணம் அதுவே. இன்றைய உடற்கூற்றியலும் தன் வழியில் எச்சரிக்கை இடங்களைச் சுட்டுகிறது: தொண்டையின் இருபுறம், அக்குள், முழங்கையின் உட்புறம், கவட்டை, முழங்காலின் பின்குழி. குருதிக் குழாய்களும் நரம்புகளும் இங்குத் தோலுக்கு அண்மையில் ஓடுகின்றன. ஆழமாக அழுத்தல் கூடாது. விலாவுக்குக் கீழே முதுகின் இருபுறமும் சிறுநீரகம் உள்ள பகுதியிலும் முதுகெலும்பின் மேலும் தட்டல் ஆகாது. முறுக்கலில் மிகவும் அஞ்சத்தக்கது கழுத்து. முடிதிருத்தகங்களில் தலையைப் பிடித்துத் திடீரெனத் திருப்பிச் ‘சொடக்கு’ எடுக்கும் பழக்கம் இன்றும் உண்டு. கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் அத்திருகலில் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும். சொடக்கின் ஒலி கேட்டால் நோய் நீங்கிற்று என்பது வெறும் நம்பிக்கை.

பிடிப்பு மறைக்கும் நோய்கள்

இதுவரை தமிழ்ச்சொல்லின் சிறப்பைக் கூறினோம். அதன் இடர்ப்பாட்டையும் கூறுதல் வேண்டும். ‘பிடிப்பு’ என்ற உடனே ‘பிடித்துவிடு’ என்னும் விடை நாவில் எழுகிறது. ஆனால் பிடிப்பு என்பது ஒரு நோயின் பெயரன்று. உற்றவர் உணரும் உணர்வின் பெயர்.

கெண்டைக்கால் பிடிப்பை எடுத்துக்கொள்வோம். உழைப்பால் வந்த தசையிறுக்கமாயின் பிசைதல் இதமளிக்கும். ஆழ்சிரையில் குருதி உறைந்ததால் வந்ததாயின், பிசையும் கையே உறைகட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். அது உயிரைப் பறிக்கும். ஒரு கால் மட்டும் வீங்கியிருத்தல், தொட்டால் வெம்மை, நிறமாற்றம் ஆகியவை ஐயத்துக்குரியன. அண்மையில் அறுவை, நெடுநாட் படுக்கை, நெடும்பயணம், பிள்ளைப்பேறு ஆகியவற்றுள் ஒன்று இருப்பின் ஐயம் வலுப்படும். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரங்களில் குருதி உறையும் வாய்ப்பு மிகுதி. நம் வீடுகளில் தாய்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் காலமும் அதுவே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அன்று எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதே கருத்து. (குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது தனியே கண்டிக்கத்தக்கது, அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும்.)

‘வாயுப் பிடிப்பு’ இதனினும் கொடிது. நெஞ்சின் நடுவே அழுத்தம், இடத்தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, வியர்வை ஆகியன மாரடைப்பின் குறிகளாகலாம். தைலம் தேய்த்து நீவிவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது. சொல்லொன்று நோயைத் தவறாகப் பெயரிட்டதால் வரும் காலத்தாழ்வு இது.

காய்ச்சல், தொற்று, திறந்த புண், எலும்பு முறிவு, புதிய தீப்புண் ஆகியவை உள்ளபோது தொக்கணம் தவிர்க்கப்பட வேண்டும். குருதி உறையாமைக்கான மருந்து உண்பவர்க்கும் எலும்பு நலிந்த முதியோர்க்கும் மென்னீவலே தகும். கருவுற்றவரை, குறிப்பாகப் பிந்திய மாதங்களில், இடப்புறமாகச் சாய்த்துக் கிடத்துவது நன்று. மருத்துவரின் இசைவும் வேண்டும்.

உற்றவர்

சிகிச்சை பெறுபவரை எச்சொல்லால் குறிப்பது? ‘வாடிக்கையாளர்’ கடையை நினைவூட்டுகிறது. ‘நோயாளி’ என்பது நலத்தோடு வருபவருக்குப் பொருந்தாது. திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறும்போது உற்றவன் என்று தொடங்குகிறது. ‘உறு’ என்பதற்கு அடைதல், நேர்தல் என்னும் பொருள்களோடு தொடுதல் என்னும் பொருளும் உண்டு; தொல்காப்பிய மரபியல் ஓரறிவாக முதலில் வைக்கும் உற்றறிவு அதன் வழிவந்தது. நோயுற்றவர், தொடுதலை உற்றறிபவர் என்னும் இருபொருளையும் ஒருங்கே தருவதால் ‘உற்றவர்’ என்னும் சொல் இத்துறைக்குப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

உற்றவரிடம் முதலில் கைபடக் கூடாது, முதலில் கேள்விதான். எந்த இடத்தில் நோவு, எத்தனை நாளாக, என்ன மருந்து, எங்கே தொடுவதில் விருப்பமில்லை என்பன கேட்கப்பட வேண்டும். எந்தப் பகுதியைத் தொடப்போகிறோம் என்பதைச் சொல்லி இசைவு பெற்று, அப்பகுதியை மட்டும் திறந்து, எஞ்சியதைத் துணியால் மூடியிருத்தல் வேண்டும். ஒருமுறை தந்த இசைவு முடிவு வரைக்குமான இசைவு ஆகாது. சிகிச்சையின் நடுவே ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் நம்மவரின் விடை பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்பதே. பொறுத்துக்கொள்வதைப் பண்பாகக் கொண்டவரிடம் அக்கேள்வி பயன்படாது. ‘இன்னும் குறைக்கட்டுமா, ஐயா?’, ‘இப்படியே இருக்கட்டுமா, அம்மா?’ என்று தேர்வு தரும் வினாவே உண்மையை வெளிக்கொணரும். முகம் சுளிதல், மூச்சை அடக்குதல், கால்விரல் மடங்குதல் ஆகியவை சொல்லாத விடைகள்.

சிகிச்சை முடிந்ததும் உடனே எழுப்பலாகாது. நெடுநேரம் கிடந்த உடலில் குருதியழுத்தம் தாழ்ந்திருக்கும்; எழுந்ததும் தலைசுற்றும். ஒருக்களித்துத் திரும்பி, கையூன்றி உட்கார்ந்து, சற்றிருந்து எழச் செய்ய வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய் எஞ்சியிருந்தால் துடைத்தபின்னரே தரையில் கால்வைக்கச் சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிய ஒரு துளி எண்ணெய் போதும்.