லாமா: விலங்கின் இயல்பும் சமூக உழைப்பும்

அந்தீஸ் மலைநாட்டிற் பொதிசுமந்துவந்த லாமா, பிடிவாதமிக்க விலங்கென்றே பிறநாட்டார் பலரால் வருணிக்கப்பட்டுள்ளது. சுமை மிகுந்தால் அது படுத்துவிடும். வற்புறுத்தினால் உமிழும், உதைக்கும். இவை உண்மையே. ஆயின், பிடிவாதம் என்பது யாருடைய நோக்கிலிருந்து எழுந்த மதிப்பீடு என்பதையே நாம் இங்கு வினவுகிறோம்.

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமாவுக்குத் திமில் இல்லை. குவானாக்கோ எனும் காட்டுவிலங்கிலிருந்து ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்னரே அந்தீஸ் மக்கள் இதனைப் பழக்கியெடுத்தனர். மெத்தென்ற அடியுடைய இருவிரற் பாதம் கற்பாதைக்கு ஏற்றது. இதன் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனை இலகுவிற் பற்றிக்கொள்வதால், காற்று ஐதான 4000 மீற்றர் உயரத்திலும் இடரின்றி வாழ்கிறது.

லாமா கூட்டமாக வாழ்வது. கூட்டத்தினுள் உயர்வு தாழ்வு வரிசையொன்று நிலவும். உமிழ்தல் பெரும்பாலும் அவ்வரிசையைப் பேணுதற்பொருட்டும் தீனிக்காகவும் தம்முள் நிகழ்வதேயன்றி மனிதரை நோக்கியதன்று. கூட்டம் முழுவதும் குறித்த சில இடங்களிலேயே புழுக்கையிடும். மரமற்ற உயர்நிலத்தில் அதுவே எரிபொருளாகவும் உருளைக்கிழங்கு வயல்களுக்கு எருவாகவும் பயன்பட்டது. ஓரிடத்திற் குவிந்து கிடந்தமையால் அதனைச் சேகரிக்கும் உழைப்புக் குறைந்தது.

பொதிக்குரிய ஆண் லாமா 25 முதல் 30 கிலோகிராம் வரையான சுமையுடன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நடக்கும். இவ்வளவை அறிந்த மேய்ப்பர், சுமையைப் பல விலங்குகளுக்குப் பகிர்ந்தளித்தனர். இன்கா ஆட்சியில் அரச மந்தைகளுடன் குடிச்சமூகங்களின் மந்தைகளும் இருந்தமையை, ஜோன் மறா 1956இல் நிறைவுசெய்த ஆய்வு எடுத்துக்காட்டுகிறது.

ஸ்பானியர் 1532இல் இன்கா மன்னனைச் சிறைப்பிடித்தனர். பொத்தோசியில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டதும் லாமாக்கள் தாதுப்பொருள் சுமக்கலாயின. உற்பத்தி உறவுகள் மாறின. விலங்கின் உடல் மாறவில்லை. காலப்போக்கில் மிகுசுமை தாங்கும் கோவேறு கழுதை பல பாதைகளில் அதன் இடத்தைப் பெற்றது. அதே சுரங்கங்களுக்கு மித்தா எனும் கட்டாய உழைப்பு முறையில் அனுப்பப்பட்ட மக்களும் சோம்பேறிகள் என இகழப்பட்டனர். இவ்விரு பழிகளும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை என்பது எமது கருத்து.

ஆகவே, லாமாவின் குணங்களை அதனைப் பழக்கிய மக்களின் அறிவிலிருந்து பிரித்து நோக்குதல் தவறாகும். படுத்துவிடும் லாமா தன் ஆற்றலின் எல்லையையே உணர்த்துகிறது. மேய்ப்பர் அதனை அளவாகக் கொண்டனர். சுரங்க உடைமையாளர் அதனைக் குற்றமாகக் கண்டனர்.