பனிக்காலத்து இலண்டனில் ஒரு பழைய நூல்

இலண்டன் மாநகர் எனக்குப் புதிதன்று. 1996ஆம் ஆண்டு மார்கழியில் முதன்முறை அங்குச் சென்றேன். அண்மையில் மீட்டும் ஒரு மார்கழியில் தம்பியார் வீட்டுக்குச் சென்றபோது பழைய குளிரே வரவேற்றது. மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைகின்றான். பேசுவார் வாயினின்றும் சொல்லோடு ஆவியும் புறப்படுகின்றது.

பழக்கத்தினாற் கால்கள் தேம்சு நதியின் தென்கரையிலுள்ள பிளாக்பிரையர்ஸ் வீதிக்குச் சென்றன. முன்னாளில் அவ்வீதிக் கட்டடமொன்றிலேதான் பழந்தமிழ் நூல்களை வாசித்தேன். அவை 1998இல், செயின்ற் பாங்கிராஸ் புகையிரத நிலையத்தின் அயலே எழுந்த பிரித்தானிய நூலகப் புதுமனைக்குப் பெயர்ந்தமையை அறிந்திருந்தும், அவ்விடத்தை ஒருமுறை பார்த்து மீண்டேன்.

மறுநாள், பல்கலைக்கழகத்திற் பயிலும் என் பெறாமகளையும் அழைத்துக்கொண்டு புதுமனை புகுந்தேன். அதன் நடுவே கண்ணாடிக் கோபுரமொன்று உயர்ந்து நிற்கின்றது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் திரட்டிய நூல்கள் அதனுள்ளே அடுக்கடுக்காய்க் காட்சி தருகின்றன. அதைக் கண்டதும் என் நெஞ்சம் வேறோர் நூலகத்தை நினைந்தது.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அப்பொழுது யான் பள்ளிச் சிறுவன். காற்றோடு வந்து எங்கள் முற்றத்தில் வீழ்ந்த கரித்தாள்களைப் பொறுக்கினேன். தொட்டவுடன் அவை உதிர்ந்தன. ஆதலால், 1996இல் எங்கள் ஊர் நூல்களை அந்நிய நகரிற் கண்டபோது மகிழ்ச்சியிலும் மனத்தாங்கலே மிகுந்தது. 'எம் பொருள் எம்மிடம் இல்லையே' என்று மறுகினேன்.

இம்முறை எண்ணம் வேறாயிற்று. 2023 ஒக்டோபரில் நிகழ்ந்த கணினிவழித் தாக்குதலால் இப்பெரு நூலகத்தின் பட்டியலும் வாரக்கணக்கில் முடங்கிற்று. நூல்கள் இருந்தன, அவற்றை அடையும் வழி அடைபட்டது. இருத்தல் வேறு, எய்துதல் வேறு என்பதை அச்செய்தி எனக்கு உணர்த்திற்று.

ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்து வெளியீடொன்றைக் கேட்டுப் பெற்றேன். பெறாமகள் அதன் முகப்பை நெடுநேரம் நோக்கினாள். தமிழ் பேசுவாள், வாசிக்க அறியாள்.

"பெரியப்பா, இது ஊரிலை அடிச்ச புத்தகமோ?"

"ஓம் பிள்ளை. இந்தச் சொல்லைப் பார்."

எழுத்தெழுத்தாகக் காட்டினேன். என் பின்னே மெல்லச் சொல்லி வந்தவள், முடிவில் தானே சேர்த்து, "யாழ்ப்பாணம்" என்றாள். எதிரே இருந்தவர் தலைநிமிர்ந்து பார்த்தார். வாசிப்பறை என்பதை இருவரும் மறந்திருந்தோம்.

பட்டியல் முடங்கிய நாளில் அந்நூல் எனக்கு எட்டாதிருந்தது போலவே, எழுத்தறியாத நாளெல்லாம் அது அவளுக்கும் எட்டாதிருந்தது. எரிந்தவற்றை யான் மீட்கவியலாது. எஞ்சியவற்றுக்கு வழி திறத்தல் ஆசிரியனாகிய என் கடன்.

அன்று மாலையே அரிச்சுவடி தொடங்கினோம். உயிர்மெய் முடியுமுன் யான் திரும்பும் நாள் வந்துவிட்டது. மிகுதியை இப்பொழுது ஞாயிறுதோறும் தொலைபேசியிற் படிப்பிக்கின்றேன். சென்ற கிழமை றகர ரகர வேறுபாட்டில் நின்றோம்.