அச்சத்தை வடிவமைப்போர்

பொருட்காட்சித் திடலில் பேய் வீட்டுக்குள் நுழைந்து, அலறியபடி வெளியே ஓடிவந்து, வாசலைத் தாண்டியதும் வாய்விட்டுச் சிரிப்பவர்களைப் பலரும் கண்டிருப்பர். அலறலுக்கும் சிரிப்புக்கும் இடைப்பட்ட தொலைவு பத்தடிதான். அந்தப் பத்தடியை அளந்து அமைப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் உலகில் உளர். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் திகில் மாளிகை வடிவமைப்பு என்பது ஓவியர், தச்சர், மின்பணியாளர், ஒலியமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், நடிகர் எனப் பலர் கூடிச் செய்யும் முறையான தொழிலாகும். அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் நாளையொட்டிச் சில வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும் மாளிகைகள் அங்கு மிகுதி. அவற்றை வரைந்து, கட்டி, சோதித்துப் பார்க்கும் வேலையோ பல மாதங்களுக்கு நீளும்.

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியம், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தது. அணங்கு அவற்றுள் முதலாவது. விலங்கும் கள்வரும் தம் இறைவரும் அதனையடுத்து வருவன. திகில் மாளிகை வடிவமைப்போர் பெரிதும் கையாள்வது அந்த முதல் வகையையே. காணாத ஒன்றைக் கண்டதாக எண்ணச் செய்வதே அவர்களுடைய கலை.

இக்கலையின் பழைய கருவிகளுள் ஒன்று வெறும் கண்ணாடித் தகடு. 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல்நாள் மாலை, இலண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் கதையொன்று காட்சியாக மேடையேறியது. நடிகரின் அருகே, ஊடுருவிப் பார்க்கத்தக்க ஆவியுருவம் தோன்றி மறைந்தது. ஹென்றி டர்க்ஸ் என்னும் பொறியாளர் முன்னரே வகுத்திருந்த முறையை அரங்குக்கு ஏற்றவாறு எளிமையாக்கியவர் ஜான் ஹென்றி பெப்பர் என்னும் அறிவியல் விரிவுரையாளர். மேடையின் முன்புறம் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்தினர். மேடைக்குக் கீழே, அவையோர் பார்வையில் படாத பள்ளத்தில் மற்றொரு நடிகர் நின்றார். அவர்மீது வலிய ஒளி விழுந்தபோது அவருடைய பிம்பம் கண்ணாடியில் எழுந்து மேடையில் உலவியது. ஒளி குறைந்தபோது கரைந்தது. இரவுப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருப்பவர், தம் முகம் வெளியே இருண்ட வயல்வெளியின்மேல் மிதந்து வருவதைக் காண்பதும் இதே ஒளியியல்தான்.

நூறாண்டுகளுக்குப் பின்னரும் இந்தத் தந்திரம் பழமையடையவில்லை. கலிபோர்னியா மாநிலம் அனாஹைமில் உள்ள டிஸ்னிலாந்து பூங்காவின் பேய் மாளிகை அதற்குச் சான்று. 1969 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்ட அம்மாளிகையின் வெளிக்கட்டடம் 1963ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. இடைப்பட்ட ஆறாண்டுகள் அது பூட்டியே கிடந்தது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான பணிகள் கலைஞர்களை ஈர்த்துக்கொண்டன. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி மறைந்தார். இவற்றோடு, மாளிகைக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

1957ஆம் ஆண்டில் இப்பணியைத் தொடங்கிய கென் ஆண்டர்சன், சிதைந்து பாழடைந்த ஒரு வீட்டை வரைந்து காட்டினார். பேய் வீடு வேறெப்படி இருக்கும் என எவரும் கேட்பர். டிஸ்னி அதனை ஏற்கவில்லை. தூய்மையாகப் பேணப்படும் பூங்காவின் நடுவே இடிந்த வீடு நிற்பதை அவர் விரும்பவில்லை. வெளித்தோற்றம் அழகாக இருக்கட்டும், பாழ்படுத்துவதைப் பேய்கள் உள்ளே செய்துகொள்ளட்டும் என்பது அவருடைய எண்ணம். அது நல்ல முடிவாகவே அமைந்தது. பொலிவான வீட்டின் மூடிய கதவு, இடிந்த சுவரைவிட மிகுதியான ஐயத்தை எழுப்புகிறது.

மாயத்தோற்றங்களை உருவாக்கும் பொறுப்பு யேல் கிரேசி, ரோலி கிரம்ப் ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர்களுடைய சோதனையறையைப் பற்றிக் கிரம்ப் பின்னாளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. இரவில் அறையைத் துப்புரவு செய்ய வருவோர் அஞ்சுவதால் விளக்குகளை எரியவிட்டுச் செல்லுமாறு நிர்வாகம் கேட்டுக்கொண்டது. இருவரும் அவ்வாறே செய்தனர். கூடவே, உள்ளே எவரேனும் நடந்தால் விளக்குகள் அணைந்து பேய்கள் எழும்படி ஒரு பொறியையும் அமைத்தனர். மறுநாட் காலையில் அறையின் நடுவே ஒரு துடைப்பம் மட்டும் கிடந்தது. இனி அவ்வறையை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் தெரிவித்துவிட்டதாம். கலைஞர்களுக்கு அது நகைச்சுவை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியவருக்கு அவ்வாறு இருந்திருக்காது.

காட்சிகளை அமைத்தோருள் இருவர் எதிரெதிர்த் திசையில் நின்றனர். பின்னணி ஓவியரான கிளாட் கோட்ஸ், இருண்ட நடைகளும் முடிவற்ற வெளிகளும் கொண்ட உண்மையான அச்சத்தை விரும்பினார். பாத்திரங்களுக்கு உயிரூட்டும் ஓவியரான மார்க் டேவிஸோ வேடிக்கைப் பேய்களை விரும்பினார். இறுதியில் இருவர் பங்கும் அதில் இடம்பெற்றன. முற்பகுதியில் ஆளரவமற்ற நடைகளும் தானே அசையும் கதவுகளும். பிற்பகுதியில் பாடி ஆடும் பேய்களின் கூட்டம். சமரசத்தில் விளைந்த இந்த அமைப்பு, திட்டமிட்டு எழுதிய நாடகம்போலவே பொருந்திவிட்டது.

இட நெருக்கடியும் கலையாக மாறியது. காட்சிகள் நிகழும் பெருங்கூடம், பூங்காவைச் சுற்றி ஓடும் இரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது. பார்வையாளர்களைப் பாதைக்கு அடியில் கொண்டுசெல்லவேண்டும். அதற்கென அமைத்த மின்தூக்கியை ஓவியங்கள் தொங்கும் எண்கோண அறையாக வடிவமைத்தனர். கதவு மூடியதும் சுவர்கள் நீள்கின்றன. ஓவியங்களின் கீழ்ப்பகுதி சிறிதுசிறிதாக வெளிப்படுகிறது. அறை உயர்வதாக உள்ளிருப்போர் எண்ணுகின்றனர். உண்மையில் தரையே இறங்குகிறது. 1971இல் புளோரிடாவில் கட்டிய மாளிகையில் கீழே இறங்கவேண்டிய தேவை இல்லை. ஆயினும் அந்தக் காட்சியைக் கைவிட மனமின்றி, அங்கு மேற்கூரையை உயர்த்தினர்.

அதன்பின் மக்கள் சிப்பி வடிவ ஊர்திகளில் ஏறுகின்றனர். தொடராகச் செல்லும் அவ்வூர்திகள் ஒவ்வொரு காட்சிக்கும் ஏற்றபடி தாமே திரும்பும். இடப்பக்கம் காணவேண்டியதைக் காட்டிவிட்டு, வலப்பக்கத்து இயந்திரத்தை மறைத்துவிடலாம். திரைப்பட இயக்குநர் ஒளிப்படக் கருவியைத் திருப்புவதுபோல, வடிவமைப்பாளர் இங்கே மனிதரைத் திருப்புகிறார். நடன மண்டபத்தில் பெப்பரின் கண்ணாடி மிகப் பெரிய அளவில் மீண்டும் வருகிறது. அங்குச் சுழன்றாடும் இணைகளைக் கூர்ந்து நோக்கினால் ஆண்களை அல்லாமல் பெண்களே ஆட்டத்தை நடத்திச்செல்வதுபோலத் தோன்றும். பிம்பம் இடவலம் மாறுவதால் நேர்ந்தது அது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. கழுத்தின்மேல் இருந்த தலை மறைந்து, கையிலுள்ள தொப்பிப் பெட்டிக்குள் தோன்றவேண்டிய பேயுருவம் ஒன்று செய்யப்பட்டது. சுற்றுப்புற வெளிச்சத்தில் தலை முழுமையாக மறையவில்லை. திறப்பு விழா முடிந்த சிறிது காலத்திலேயே அதனை அகற்றிவிட்டனர். புதிய நுட்பங்களோடு அது மீண்டும் அங்கே நிறுத்தப்பட்டது 2015ஆம் ஆண்டில்தான்.

நடந்து செல்லும் திகில் மாளிகைகளின் இலக்கணம் வேறு. வெளிச்சத்திலிருந்து வருபவரின் கண்கள் இருளுக்கு நன்கு பழக இருபது நிமிடங்களுக்கு மேலாகும். முதல் சில நிமிடங்களில் பார்வை வலுவிழந்திருக்க, செவியும் தோலும் கூர்மையடைகின்றன. திரைச்சீலையின் உரசலோ, கன்னத்தில் படும் குளிர்காற்றோ அப்போது போதும். நடிகர்களுக்கும் ஒரு நெறி உண்டு: கூட்டத்தை முன்னோக்கித் தள்ளும் வகையில் அச்சுறுத்தவேண்டும். எதிரில் தோன்றி அச்சுறுத்தினால் மக்கள் பின்வாங்கிப் பின்னால் வருவோர்மேல் விழுவர். மிகுதியாக அச்சுறுத்துவதும் பயனற்றது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திகில் மாளிகைக்குள் சென்ற 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் ஆய்வு வெளியிட்டனர். மிகக் குறைவான அச்சமும் மிக அதிகமான அச்சமும் இன்பம் தரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையில்தான் இன்பம் உச்சத்தை அடைந்தது.

அச்சம் பொய்யாக இருக்கும்வரைதான் இந்த இன்பம். 1984 மே 11ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலம் ஜாக்சனில் இருந்த பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் திகில் கோட்டை தீப்பற்றியது. சரக்கு வாகனப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய கோட்டை அது. உள்ளே தெளிப்பான்கள் இல்லை. புகையறியும் கருவியும் இல்லை. நடை ஒன்றில் இருள் மிகுந்திருந்ததால், வழி காண்பதற்காக ஓர் இளைஞர் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தார் என்றும், சுவரில் பொருத்தியிருந்த நுரைமெத்தையில் அச்சுடர் பட்டது என்றும் விசாரணையில் தெரியவந்தது. இருளில் மோதிக்கொள்வோர் காயமடையாதிருக்க வைத்த மெத்தை அது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். அனைவரும் பதின்ம வயதினர். வழி தெரியாத நடை, அடையாளம் காணமுடியாத கதவு, எது காட்சி எது உண்மை என்ற மயக்கம் ஆகிய மாளிகையின் சிறப்புகளே அவர்களைச் சிறைப்படுத்தின. அலறல் கேட்பதே இயல்பான இடத்தில், உண்மையான அலறலை எவ்வாறு பிரித்தறிவது?

இக்கொடுமைக்குப் பிறகு அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதிகள் இத்தகைய கட்டடங்களைத் தனி வகையாகவே கருதின. தானியங்கு நீர்த்தெளிப்பான் கட்டாயமாயிற்று. எளிதில் எரியாத பொருள்களையே அலங்காரத்துக்குப் பயன்படுத்தவேண்டும். புகையை உணர்ந்த நொடியில் விளக்குகள் எரியவேண்டும். குழப்பும் ஒலிகளும் காட்சிகளும் நிற்கவேண்டும். வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ஆகவே இன்று இத்தொழிலுக்கு வருபவர் ஓவியமும் சிற்பமும் அறிந்திருந்தால் மட்டும் போதாது. துணியின் எரியும் தன்மையையும் மின்சுமையையும் அவர் கணக்கிடவேண்டும். எத்தனை பேர் எத்தனை நொடியில் ஒரு கதவைக் கடப்பர் என்பதும் அவர் அறிந்திருக்கவேண்டியது. நாடக அரங்கிலும் திரைப்படக் கலை இயக்கத்திலும் பயின்று இங்கு வந்தோர் பலர். பள்ளிப் பருவத்தில் நண்பர்களோடு சேர்ந்து வீட்டுக் கொட்டகையில் பேய் வீடு அமைத்துத் தொடங்கியோரும் உளர். மாளிகையைத் திறப்பதற்கு முன், அவர்கள் காட்சிகளோடு மற்றொன்றையும் இயக்கிப் பார்க்கின்றனர். ஒரு பொத்தானை அழுத்துகின்றனர். ஒலிகள் அடங்கி, எல்லா விளக்குகளும் ஒருசேர எரிகின்றன. மாதக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய பேய்கள் அனைத்தும் அட்டையாகவும் துணியாகவும் கம்பியாகவும் தெரிய, அவற்றின் ஊடே வாசல்வரை செல்லும் வழி தடையின்றி இருக்கிறதா என நடந்து பார்க்கின்றனர்.