மருந்துச் சீட்டில் 'எஸ்ஓஎஸ்' என்றால் ஆபத்தா?

தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகள் புழங்கும் அந்தமான் தலைநகரின் ஜங்லிகாட் பகுதியிலும், மருந்துச் சீட்டின் சுருக்கக் குறிகள் பெரும்பாலும் லத்தீனிலிருந்து வந்தவையே. மருந்தாளுநர் பயிற்சி மாணவர்கள் இவற்றைத் தொடக்கத்திலேயே கற்கின்றனர்.

'பிடி' என்றால் நாளைக்கு இருமுறை, 'டிடிஎஸ்' மும்முறை, 'ஹெச்எஸ்' உறங்கும் நேரம். அபாய அழைப்பெனப் பலர் அஞ்சும் 'எஸ்ஓஎஸ்', 'தேவைப்பட்டால்' எனப் பொருள்படும் 'சி ஓபஸ் சிட்' என்பதன் சுருக்கமே. வலி இல்லாத நாளில் அம்மாத்திரை வேண்டியதில்லை.

சிக்கல் 'ஓடி'யில்தான். பொதுவாக அது நாளைக்கு ஒருமுறை. கண் மருத்துவச் சீட்டிலோ வலது கண்.

மருந்துப் பெயர்களைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுமாறு 2016இல் மருத்துவர்களுக்கான விதி திருத்தப்பட்டது. எனினும், வேளையைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து நீடிக்கிறது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் உட்கொண்டால், ரத்த அணு உற்பத்தி குன்றி உயிரிழப்பும் நேரலாம். எனவே அதனை வழங்கும்போது, உட்கொள்ள வேண்டிய கிழமையை நோயாளி அறிந்த மொழியில் உறையின் மீதே எழுதித் தருவது பாதுகாப்பானது.